செவலையும் மயிலையும்

செப்டம்பர் 3, புதன்

செயலாளர் வெங்கடாசலம் இன்று என்னைச் சங்கத்துக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கூடவே வயிற்றெரிச்சலையும் கொடுத்து அனுப்பினார்.

"ஏனம்மிணி, காலு எப்படி இருக்குது?"

"காலுக்கென்னங்க, காலாட்டம் இருக்குது."

"மூணு மாசமா மலைக்கு ஆளே போகல. மாடுக சும்மா நிக்குது. தவசியப்பன் நான் போறேங்கறான். அவன்கிட்ட வண்டி இருக்குது. உன்கிட்ட இல்லையே."

பன்னிரண்டு வருடமாக இந்தப் பால் சங்கத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவள் நான். மலைமேல் இருக்கிற பதினோரு ஊருக்கும் நான்தான். ஆரம்பத்தில் "பொம்பளையா ஊசி போடறது?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் எல்லாரும் இன்று என் போன் நம்பரைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்களைச் சங்கத்தின் இன்னொரு ஊசிக்காரனான தவசிக்குக் கொடுப்பார்களாம். தவசி வாரத்தில் ஒருநாள், செவ்வாய்க்கிழமை மட்டும் போவானாம். மாடு பருவத்துக்கு வந்தால் ஒரு நாள்தான் கணக்கு. அதற்குள் போய்ச் சேராவிட்டால் இன்னும் இருபத்தொரு நாள் காத்துக் கிடக்க வேண்டும். இவன் போகிற செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து மாடுகள் பருவத்துக்கு வருமாக்கும்!

"வண்டி வாங்கிக்கிறேனுங்க" என்றேன்.

"எப்ப?"

"அடுத்த மாசம் ஆறாந்தேதி கூட்டத்துக்கு வண்டியிலதான் வருவேன்."

"வரலீன்னா மலைய அவனுக்கு எழுதிக் குடுத்துருவேன். அப்பறம் சண்டைக்கு வரக்கூடாது" என்றார். வருவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கால் ஒடிந்தது ஜூன் பன்னிரண்டு. மலைமேல் தொட்டக்கல்லில் மாடு உதைத்துவிட்டது. அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். எதையும் நிறுத்து நிதானமாகத்தான் பேசுவார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஸ்கூட்டி ஒண்ணு எடுத்துக்க புள்ள" என்றார்.

மலையில் தார் ரோடு மின்னங்காட்டோடு முடிகிறது. அதற்கு மேலே மண், உருட்டுக்கல், மழை பெய்தால் களிமண் சேறு. ஸ்கூட்டியின் சின்னச் சக்கரத்தை வைத்துக்கொண்டு அங்கே போனால் ஸ்கூட்டியை நான்தான் சுமந்துகொண்டு வர வேண்டும். இப்போது தார் ரோட்டுக்கும் காட்டு ரோட்டுக்கும் சேர்த்தே வண்டிகள் வருகின்றன. முன்சக்கரம் பெரிசு, வயிறு உயரம், கல் இடிக்காது. வனத்துறைக்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் வேண்டும் என்றேன்.

"அது ஆம்பளைக ஓட்டற வண்டி."

"வண்டிக்கு எப்படீங்க தெரியும், மேல உக்காந்திருக்கறது ஆம்பளையா பொம்பளையான்னு?"

எனக்கு ஒரு வண்டி இருக்கத்தான் இருந்தது. அவருடைய பழைய பெரிய வண்டி. ஆனைக்குட்டி மாதிரி கனம். அதைத்தான் மூன்று வருடம் மலைக்கு ஓட்டினேன். நான் கட்டுப்போட்டுப் படுத்திருந்த சமயம் பார்த்து அதை விற்றுவிட்டார். கேட்டால், "பழசாயிருச்சு" என்றார். நானும்தான் பழசாகிவிட்டேன், வயது நாற்பத்துமூன்று. என்னை ஏன் விற்கவில்லை என்று கேட்டேன். சிரிக்கவில்லை மனுசன்.

செப்டம்பர் 6, சனி

ஈரோட்டுக்குப் போய் இரண்டு கடையிலும் பார்த்தாயிற்று. வண்டிகளின் பெயரெல்லாம் இங்கிலீஷில் நீளமாக இருக்கிறது, எழுத வராது. ஒன்று சாம்பல் நிறம், அது மயிலை. இன்னொன்று சிவப்பு, அது செவலை. பதிவேட்டில் மாட்டு நிறம் எழுதி எழுதி எனக்கு அப்படித்தான் வருகிறது.

மயிலைக் கடையில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"ஓட்டறவங்க வரலீங்களா மேடம்?"

"வந்திருக்காங்களே."

"எங்கீங்க?"

"உங்க முன்னாடிதான் நின்னுட்டிருக்காங்க."

அவள் என்னைத் தாண்டி, ஹெல்மெட் அலமாரியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். "நானில்லம்மா, அவதான்" என்று அவர் சொல்கிற தொனியைக் கேட்க வேண்டுமே, என்னமோ திருட்டுக் கேசில் என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி.

செவலைக் கடையில் லோகநாதன் என்று ஒருவர், முப்பது வயதிருக்கும். அவர் அதற்கும் மேலே. வண்டியைப் பற்றிச் சொன்னதெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான். கேள்வி கேட்டது நான், பதில் போனது இவருக்கு. கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்காவுக்குக் கால் எட்டுங்களா?"

ஏறி உட்கார்ந்தேன். எட்டவில்லை. இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தடவியது. மயிலை தணிவு. அதில் பாதம் நன்றாகவே பதிந்தது. "அப்பறம் என்ன, மயிலைதான்" என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஸ்கூட்டியிலிருந்து மயிலைக்கு வந்துவிட்டார், அதுவே பெரிய விஷயம்.

ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சேலை கட்டிக்கொண்டு போயிருந்ததால் இவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மகாளயபட்சம் ஆரம்பமாம். அமாவாசை வரைக்கும் வண்டி எடுக்கக்கூடாதாம். இத்தனை வருடத்தில் இவர் மகாளயபட்சம் பார்த்து நான் பார்த்ததே இல்லை. செத்துப்போனவர்கள் வந்து வண்டிக்கு முன்னால் படுத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். "எங்கப்பன் படுத்தாலும் படுப்பாரு" என்றார்.

பரவாயில்லை. இரண்டு வண்டியையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க எனக்கும் நேரம் வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

காலையில் கீழ்க்காட்டில் இரண்டு மாடு. நடந்தே போய் வந்தேன், கால் வலிக்கவில்லை. கொஞ்சம் வலித்தது.

இரண்டு கடையிலும் கொடுத்த காகிதங்களைப் பாயில் பரப்பி வைத்துப் படித்தேன். முன்சக்கரம் இரண்டுக்கும் இருபத்தொரு அங்குலம். இஞ்சின் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடிவயிற்று உயரத்தில் ஒரு விரல் வித்தியாசம். டேங்க்கில் மயிலை கொஞ்சம் அதிகம் பிடிக்கும். ஏறுகிற இழுவை செவலைக்கு ஒரு பிடி கூடுதல் என்று செல்போனில் ஒரு பையன் கத்துகிறான், இன்னொருவன் மயிலைக்குத்தான் என்று கத்துகிறான். உட்காரும் உயரம் செவலை எண்பத்து நான்கு சென்டிமீட்டர், மயிலை எழுபத்தொன்பது. எடை மயிலை நூற்று எண்பத்தொன்பது கிலோ, செவலை நூற்று ஐம்பத்து நான்கு. கனமான வண்டிதான் ரோட்டைப் பிடித்து நிற்கும் என்று இவர் சொல்கிறார். இருக்கலாம்.

எனக்குத் தேவை ஏறுகிற வண்டி. மின்னங்காட்டிலிருந்து தொட்டக்கல்லுக்கு ஏறுகிற மேடு ஒன்றரை கிலோமீட்டர். அதில் திணறாமல் ஏற வேண்டும். ஏறுவதைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் குறித்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று பக்கத்து வீட்டுச் சரசாளும் கேட்டுவிட்டாள், கால் எட்டுமா என்று. அவள் கேட்டதையே அவள் மாமியாரும் கேட்டாள். சங்கத்தில் பால் ஊற்ற வந்த பெரியவர் கேட்டார். டாக்டரிடம் போனால் அவரும் கேட்பார் போல. இந்த ஊரில் யாருக்காவது வேறு கேள்வி தெரியுமா? கட்டிலுக்குத்தான் எல்லாக் காலும் தரையில் எட்ட வேண்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

டாக்டர் அதைக் கேட்கவில்லை, வேறொன்றைக் கேட்டார். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கெண்டைக்காலில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"இது சூடு பட்டதாச்சே? மாடு உதைச்சதுன்னு எழுதியிருக்கு."

"அது வேறீங்க. பால் கொட்டிருச்சு."

"கெண்டைக்கால் பின்னாடியா?"

"திரும்பி நின்னுட்டிருந்தேனுங்க."

அவருக்கு எதற்கு அதெல்லாம்? எலும்பு டாக்டர் எலும்பைப் பார்த்தால் போதாதா?

செப்டம்பர் 19, வெள்ளி

பழைய வண்டியை வாங்கியவர் இவருக்குப் போன் செய்து ஹேண்டில் வளைந்திருக்கிறது என்று குறைப்பட்டாராம். போனை வைத்துவிட்டு இவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அவரும் நான்கு காயை எடுத்து உரித்தார்.

"மாடு உன்னைய உதச்சுது. சரி. வண்டிய எதுக்குப் புள்ள உதச்சுது?"

"கோவக்கார மாடுங்க."

"வலது பக்கமாப் பாத்து உதச்சிருக்குது. உன் காலும் வலது காலு."

"மாட்டுக்கு வலதுகைப் பழக்கமாட்ட இருக்குது."

மிச்சக் காயையும் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இவருக்கு என்ன தெரியும், மாட்டைப் பற்றி?

செப்டம்பர் 22, திங்கள்

அமாவாசை முடிந்தது. மறுபடியும் ஈரோடு. இந்தத் தடவை சுடிதார்தான் போட்டுக்கொண்டு போனேன். மயிலைக் கடைப் பெண் சாவியை நீட்டி, "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க மேடம்" என்றாள். வெயில் ரொம்ப இருந்தது. தலைவலியும் இருந்தது. செவலைக் கடைப் பக்கம் ரோட்டில் கூட்டம். இரண்டிலும் ஓட்டவில்லை.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியில், "உனக்கு வேண்டாம்னா வேண்டாம் புள்ள. தவசி போகட்டும். யாரு உன்னைய என்ன சொல்லப் போறா?" என்றார். வழக்கமான குரலில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ரொம்ப மெதுவாகச் சொன்னார். அதனால்தான் எரிச்சலாக வந்தது.

"திங்கக்கெழம வந்து மயிலைக்கு முன்பணம் கட்டறோம்" என்றேன். முடிவாகிவிட்டது. மயிலைதான். கால் எட்டுகிறது, எல்லாருக்கும் திருப்தி.

செப்டம்பர் 25, வியாழன்

காலை ஏழு மணிக்குத் தொட்டக்கல்லிலிருந்து கெம்பம்மா போன். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், என்னிடம் மட்டும் தமிழ்.

"கலாக்கா, மாடு கத்துது. நேத்து சாயங்காலத்துலேந்து. யாராச்சும் வருவாங்களா?"

அவளுடைய ஒரே கறவை. ஜூனில் நான் போட்ட ஊசியில் சினை நிற்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு முறை பருவத்துக்கு வந்து நான்கு முறையும் சும்மா போயிற்று. இப்போது பாலும் வற்றிவிட்டது. தவசிக்குப் போன் செய்தேன். "இன்னும் எழுதியே குடுக்கலீங்க. குடுத்தாலும் வியாழக்கெழம எனக்கு மலை இல்லீங்கக்கா" என்றான். மலை இல்லையாமே! மலை அங்கேயேதானே இருக்கிறது, எங்கே போய்விட்டது?

பால் வண்டி விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டது. வாடகை ஜீப் கேட்டேன். மின்னங்காடு வரைக்கும்தான் வருவேன் என்றான், அதுவும் மத்தியானத்துக்கு மேலே. அதற்குள் பருவம் தாண்டிவிடும்.

கெம்பம்மாவுக்குப் போன் செய்து வர முடியாது என்று சொன்னேன். "பரவால்லக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 27, சனி

பால் வண்டியில் தொற்றிக்கொண்டு மின்னங்காடு போய், அங்கிருந்து நடந்தேன். கெம்பம்மாவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. அந்த இடம் வந்தபோது மட்டும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கெம்பம்மா ராகிக்களியும் கீரையும் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே செவலை, மயிலை கதையெல்லாம் சொன்னேன். எந்த வண்டி எப்படி ஏறும், எதற்கு இழுவை அதிகம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவள் ராகியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஏறறதப் பத்தியே பேசறியே. நீ விழுந்தது எறங்கறப்போல்ல?"

நான் கீரையைத் தொட்டுக் களியை உருட்டினேன்.

"விழுந்தா ரெண்டுல எதை நீ ஒத்தையில தூக்குவே?"

நாலு பக்கம் எழுதி வைத்திருக்கிறேனே, அதில் இந்த ஒரு கேள்வி இல்லை.

சரி. எழுதிவிடுகிறேன். என் டைரிதானே, யார் படிக்கப்போகிறார்கள்.

மாடு உதைக்கவில்லை. ஜூன் பன்னிரண்டு காலையில் கெம்பம்மாவின் மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு இறங்கினேன். ஏறும்போது மலையின் மேட்டுப்புறம் இடது பக்கம், அதனால் இடது காலை ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது மேடு வலது பக்கம், ஊன்றுவது வலது கால்தான். சறுக்குப் பாறையில் வலது காலை வைத்தேன், வழுக்கியது. அந்த ஆனைக்குட்டி அப்படியே என் கால்மேல் சாய்ந்தது. கொதிக்கிற சைலன்சர் கெண்டைக்காலில். தூக்கினேன். அசையவில்லை. மறுபடி தூக்கினேன். விந்துக் குச்சிகள் வைக்கிற நைட்ரஜன் கேன் கவிழ்ந்து என்னைச் சுற்றி வெள்ளைப் புகை. மேலே வெயில், காலில் சூடு, கையருகே உறையவைக்கும் குளிர். மணி பதினொன்று.

ஒன்றரை மணி வரைக்கும் அப்படியே கிடந்தேன். கத்தினேன். கத்தக் கத்தக் குரல் போய்விட்டது. அழுதேன், எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, அழுதேன். புல்லறுக்க வந்த கெம்பம்மாதான் பார்த்தாள். அவளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள்.

"மாடு உதச்சுதுன்னு சொல்லு" என்று மாதேஸ்வரன் சாமிமேல் சத்தியம் வாங்கினேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆம்பளை விழுந்தால் ரோடு சரியில்லை என்பார்கள். பொம்பளை விழுந்தால் பொம்பளையே சரியில்லை என்பார்கள். மாடு உதைத்தால் அது தொழிலில் நடப்பது, மலை என்னிடமே இருக்கும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து எந்த வண்டியையும் நான் ஓட்டவில்லை. சேலையும் காரணமில்லை, வெயிலும் காரணமில்லை. பயம். ஒடிந்த கால் பயமில்லை. அந்த இரண்டரை மணி நேரம்தான் பயம். தூக்க முடியாமல் கிடந்தேனே, அது.

எழுதியாயிற்று. இனி அதற்கு மேல் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

மயிலைக் கடை. முன்பண ரசீதுப் புத்தகத்தை அந்தப் பெண் எடுத்து வைத்தாள்.

"இருங்க. வண்டியப் படுக்கப் போட்டுக் காமிங்க" என்றேன்.

"புரியலீங்க மேடம்."

"தரையில சாச்சுப் போடுங்க. நான் தூக்கிப் பாக்கோணும்."

அவள் போய் மேனேஜரைக் கூட்டி வந்தாள். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியெல்லாம் யாரும் கேட்டதில்லீங்களே" என்றார். "மாடு வாங்கறவங்க நடக்கவிட்டுப் பாக்காம வாங்குவாங்களா? எனக்கு இது விழுந்து எந்திரிக்கறதப் பாக்கோணும்" என்றேன். கடைக்குப் பின்னால் மண் தரையில் எல்லாரும் ஓட்டிப் பார்க்கிற பழைய மயிலை ஒன்று நின்றது. அதைச் சாய்த்தார்கள். நான்கு மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள்.

ஹேண்டிலைப் பிடித்து இழுத்தேன். ம்ஹூம். முழங்கால் மடக்கி மறுபடி. ஒரு முழம் எழும்பிவிட்டு மடாரென்று விழுந்தது. ஒரு மெக்கானிக் ஓடி வந்தான். "தொடாதீங்க!" என்று போட்ட சத்தத்தில் அவன் அப்படியே நின்றுவிட்டான். மூன்றாவது தடவை. முடியவில்லை. மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

இவர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். "வேண்டாம் புள்ள. போதும். இன்னொருக்கா அந்தக் காலு மாட்டுச்சுன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இன்னொருக்கா என்றார். முதல் தடவை எது என்று நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து என்னை எழுப்பிவிட்டார்.

"இது வேண்டாமுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு நேராகச் செவலைக் கடை.

லோகநாதன் கையெடுத்துக் கும்பிடாத குறை. "அக்கா, சாய்க்கறதெல்லாம் கம்பெனில ஒத்துக்க மாட்டாங்கக்கா. என் வேலைக்கே உலை வெச்சிருவீங்க போல."

"நீங்க சாய்க்க வேண்டாமுங்க. அதுவா விழுந்துருச்சுன்னு வெச்சுக்கங்க" என்று வாசலில் நின்ற, ஓட்டிப் பார்க்கிற வண்டியை ஒரு தள்ளு தள்ளினேன். விழுந்தது. அவர் ஐயோ என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

கன்று போட்ட மாடு சில சமயம் படுத்துவிட்டு எழுந்திருக்காது. கயிற்றைப் பிடித்து முகத்தை இழுத்தால் எழாது. திரும்பி நின்று, முதுகை அதன்மேல் கொடுத்து, காலால்தான் உந்தி எழுப்ப வேண்டும். எத்தனை மாட்டை அப்படி எழுப்பியிருக்கிறேன். மயிலைக் கடையில் ஆத்திரத்தில் அது தோன்றாமல் போயிற்று. இங்கே வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின்கம்பி. இடுப்பை இருக்கையில் முட்டுக்கொடுத்து, பின்பக்கமாகவே சின்னச் சின்ன அடி வைத்தேன். வலது கணுக்கால் சுரீரென்றது. விடவில்லை. வண்டி எழுந்து நின்றது.

ரோட்டில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். ஒருவன் விசிலடித்தான்.

மறுபடியும் தள்ளினேன். "அக்கா!" என்று லோகநாதன் அலறினார். மறுபடியும் தூக்கினேன். தற்செயலாக ஒரு தடவை வந்துவிடலாம், இரண்டு தடவை வராது. "அப்ப அந்த மயிலையையும் இப்புடித் தூக்கிப் பாத்திருக்கலாமே" என்றார் இவர். இவர் சொன்னால் விடுவேனா, திரும்பவும் அங்கே போனோம். முதுகு கொடுத்தும் மயிலை பாதியில் நின்றுவிட்டது. முப்பத்தைந்து கிலோ கூடுதல், காகிதத்தில் படித்தபோது வெறும் எண்ணாக இருந்தது.

செவலைக் கடைக்குத் திரும்பி வந்தபோது லோகநாதன் சிரித்தேவிட்டார். சாவியை வாங்கினேன். இருக்கையில் ஒரு பக்கமாக இடுப்பைச் சரித்து உட்கார்ந்தால் ஒரு கால் எட்டுகிறது. ஒன்று போதும். கிளட்ச்சை விட்டேன். ஒரு ரவுண்டு, இரண்டு ரவுண்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் வந்தேன்.

"எனக்குத் தெரிஞ்சு இப்படி வண்டி வாங்குனது நீங்க ஒருத்தர்தான்" என்றார் லோகநாதன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. செவலை வீட்டுக்கு வந்தது. எலுமிச்சம்பழம் வைத்ததும் சூடம் காட்டியதும் இவர்தான். ஊரே வந்து பார்த்துவிட்டு, கால் எட்டாதே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போயிற்று. நான் காபி கொடுத்தேன்.

மத்தியானம் இவர் எங்கேயோ போய்விட்டு, பட்டறையில் செய்த இரும்புக் கூடு ஒன்றோடு வந்தார். உள்ளே ரப்பர் ஒட்டியிருந்தது. பின்கம்பியில் வைத்து முடுக்கினார். நைட்ரஜன் கேன் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. "வண்டி சாஞ்சாலும் கேன் கழண்டு ஓடாது. மூடிக்கும் கொக்கி வெச்சிருக்குது" என்றார். எப்போது அளவெடுத்தார், எப்போது சொல்லிச் செய்தார், தெரியாது. ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 6, திங்கள்

கூட்டத்துக்கு வண்டியில்தான் போனேன். செயலாளர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வாயைத் திறந்தார். "கேக்காதீங்க" என்றேன். மூடிக்கொண்டார். மலை எனக்கு.

அக்டோபர் 9, வியாழன்

மின்னங்காடு, எலந்தமேடு. ஐந்து மாடு. தொட்டக்கல் போகவில்லை. அங்கே யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தானே போக முடியும்?

அக்டோபர் 16, வியாழன்

கூப்பிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் கெம்பம்மாவின் மாடு கத்த ஆரம்பித்தது. இன்று விடிந்ததும் கிளம்பினேன். ராத்திரி முழுக்க மழை. மண் ரோடு களி. செவலை ஏறியது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு நாற்பதுக்கு ஊசி போட்டேன். மாடு அசையாமல் நின்றது, நல்ல பருவம். இந்தத் தடவை நிற்கும்.

கெம்பம்மா, "நானும் அந்த எடம் வரைக்கும் கூட வரட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். வா என்று சொல்லத்தான் வாய் வந்தது.

இறங்கினேன். அதே சறுக்குப் பாறை. அதே வலது கால். வழுக்கியது.

விழுந்தேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கால் மாட்டவில்லை. கேன் கூட்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு கண்ணாடி உடைந்தது. முழங்கை சிராய்ப்பு. கொஞ்ச நேரம் களியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள் இல்லை. ஒரு ஆடு இல்லை. கத்தலாமா என்று நினைத்தேன். கெம்பம்மாவுக்கு இந்தத் தடவை கேட்டிருக்கும், அவள் வாசலில்தான் நின்றிருப்பாள்.

கத்தவில்லை. திரும்பி நின்றேன். முதுகைக் கொடுத்தேன். களியில் முதல் தடவை கால் சறுக்கி, உட்கார்ந்துவிட்டேன். தட்டைக் கல் இரண்டு பொறுக்கிக் காலுக்கடியில் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை. வண்டி எழுந்தது. ஸ்டார்ட் ஆனது. மணி பார்த்தேன், ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றார். தலையிலிருந்து கால்வரை களி.

"என்ன புள்ள ஆச்சு?"

"விழுந்துட்டேனுங்க. தொட்டக்கல் எறக்கத்துல."

முதுகுப்பக்கம், முழங்கை, கால் எல்லாம் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"யாரு தூக்குனா?"

"அங்க யாரு இருக்கறா தூக்கறதுக்கு? நாந்தான்."

சங்கத்திலும் சொன்னேன். சரசாளிடமும் சொன்னேன். கேட்டவர்களிடமெல்லாம் விழுந்தேன் என்றுதான் சொன்னேன். நாளைக் காலை எலந்தமேடு, மூன்று மாடு.